எத்தனை பாகம்?

அந்தக் கொடுவாவைக் கூடையில் போட முடியவில்லை. படகிலிருந்து இறங்கிய இளைஞர் அதைத் தோளில் சாய்த்துத் தூக்கி வந்தார். தலை முதுகுப் பக்கம் தொங்க, வால் அவர் தொடையில் தட்டிக்கொண்டே வந்தது. பழவேற்காட்டு ஏலத்துறையின் ஈரத் தரையில் இறக்கிவைத்ததும் சுற்றிலும் ஒரு சின்ன அமைதி. மடவையும் கிழங்கானும் கூறு கட்டிக்கொண்டிருந்த பெண்கள்கூட ஒரு தடவை எட்டிப் பார்த்தார்கள். இருபது கிலோவுக்குப் பக்கமாக நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். செத்த மீனுக்குக் கண் மங்கிவிடும். இந்தக் கொடுவாவுக்கு இன்னும் மங்கவில்லை. இருட்டறையில் எரியும் திரிபோல உள்ளே ஒரு செம்பொன் மினுக்கம் தங்கியிருந்தது.

கூட்டத்தில் ஒரு பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, “அரைப் பாகத்துக்கு மேல இருக்கும்” என்றார்.

பாகம் என்பது கடற்கரைக் கணக்கு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுக்க விரித்தால் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை ஒரு பாகம், ஏறத்தாழ ஆறடி. கடலின் ஆழத்தையும் கயிற்றின் நீளத்தையும் இதில்தான் அளப்பார்கள். பெரிய உயிர் ஒன்றைக் கண்டுவந்தவர் கதை சொல்லும்போது, தன்னை அறியாமலே கையை விரிக்கிறார். விரித்த கை போதாமல் போகும்போதுதான் உண்மையிலேயே பெரியது ஒன்றைப் பற்றிப் பேசுகிறார் என்று அர்த்தம்.

நான் அந்தக் கொடுவாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நண்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம், “இது இன்னும் எவ்வளவு பெருசா வளரும்க்கா?” என்று கேட்டேன். அவர் நிமிரவே இல்லை.

“வளர வுட்டா வளரும் தம்பி.”

உலகின் மிகப் பெரிய விலங்குகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பொன்னேரியில் ரயிலைவிட்டு இறங்கினேன். திருப்பாலைவனம் வழியாகப் போகும் பேருந்தில் உட்கார்ந்து, நீலத் திமிங்கலம், ராட்சத நண்டு என்று குறிப்பேட்டில் வரிசை போட்டிருந்தேன். அக்காவின் அந்த ஒரு வார்த்தையில் வரிசை கலைந்துவிட்டது. எது எவ்வளவு பெரியது என்பதைவிட, எது பெரியதாவதற்கு யார் விட்டார்கள், எந்த வழி திறந்திருந்தது என்பது நல்ல கேள்வியாகப் பட்டது.

இடுப்பளவு தண்ணீர்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில் இருக்கிறது திருப்பாலைவனம். ஊர்ப் பெயரைக் கேட்டு மணல் வெளியைத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பாலை மரங்கள் நின்ற காடு என்பதால் வந்த பெயர் என்பார்கள். அந்த ஊரைத் தாண்டியதும் காற்றில் உப்பு ஏறுகிறது. வயல் முடிந்து, உவர்நிலம் விரிந்து, திடீரென்று கண்ணுக்கு எட்டியமட்டும் தண்ணீர்.

சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. வடக்கு தெற்காக சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்கோடியில் மட்டும் தமிழ்நாட்டுக்குப் பங்கு. ஆரணியாறும் காளங்கியாறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவருகின்றன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு சுவராக நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் பூநாரை பார்க்க வருவார்கள், டச்சுக்காரர்களின் கல்லறையைப் படம் பிடிப்பார்கள், இறால் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள் என்பதைக் கல்லறைக் கதவருகில் யாராவது ஒருவர் சொல்லியே தீருவார்.

பார்வைக்குக் கடல் மாதிரி விரிந்து கிடக்கிற இந்த ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். இடுப்பளவு. பல இடங்களில் படகை நிறுத்திவிட்டு இறங்கி நடக்கலாம். இருளர்கள் அந்தத் தண்ணீருக்குள் உட்கார்ந்தும் தவழ்ந்தும் வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். இவ்வளவு மெல்லிய தண்ணீரில் தோளில் சுமக்கும் அளவுக்கு ஒரு மீன் எப்படி வந்தது?

விடை ஏரியின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. முகத்துவாரம். கடலும் ஏரியும் தொட்டுக்கொள்கிற இடம். பெருக்கின்போது கடல்நீர் உள்ளே வரும், வத்தத்தின்போது ஏரிநீர் வெளியே போகும். ஏரி மூச்சுவிடுகிற மூக்கு அதுதான். மழைக்காலத்தில் ஆறுகள் தள்ளுகிற வேகத்தில் வாய் விரியும். கோடையில் அலை கொண்டுவந்து போடும் மணலில் சுருங்கும், சில ஆண்டுகளில் ஏறக்குறைய மூடியே போகும். மூடினால் உள்ளே இருக்கிற தண்ணீர் வெயிலில் வற்றி, கடலைவிடக் கடுமையான உப்பாகும். அப்போது சிறிய மீனே தாங்காது, பெரிய மீனைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

அப்பன் அம்மாவாகும் மீன்

கொடுவாவின் வாழ்க்கை கதைக்காரர்கள் கற்பனை செய்யத் தயங்குகிற வாழ்க்கை. கடலோரத்தில், முகத்துவாரத்தை ஒட்டிய உப்பு கூடிய நீரில்தான் முட்டை பொரிகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய பெருக்கு அதற்குத் தோது. அரிசி மணிக்கும் சிறிய குஞ்சுகள் அந்தப் பெருக்கோடு ஏரிக்குள் வருகின்றன. ஆழமில்லாத, கோரையும் சேறும் நிறைந்த நீரில் பெரிய எதிரிகள் குறைவு, தீனி அதிகம். இறால் குஞ்சு, சிறு மடவை, கிடைத்தால் தன் இனத்துக் குஞ்சையே விழுங்கி வளரும்.

மூன்று நான்கு வயதில் பருவத்துக்கு வரும்போது அது ஆண். கடலோரம் போய் இனவிருத்தியில் கலந்துகொள்ளும். பிறகு இன்னும் சில ஆண்டுகள் வளர்ந்து, ஒரு மீட்டரை நெருங்கும் வாக்கில், பெண்ணாக மாறிவிடும். கொடுவாக் கூட்டத்தில் சின்னவை பெரும்பாலும் ஆண்கள், பெரியவை பெரும்பாலும் பெண்கள். ஒரு பெரிய பெண் மீன் ஒரு பருவத்தில் இடும் முட்டைகளை லட்சத்தில் எண்ணத் தொடங்கிக் கோடியில் முடிக்கலாம். முழு வளர்ச்சியில் 60 கிலோவரை போகும், நீளம் இரண்டு மீட்டரை எட்டும் என்பது இந்த இனத்தின் எல்லை. ஒரு பாகத்துக்கும் மேலே.

ஏலத்துறையில் கிடந்தது பெண் மீன் என்று வயிற்றைக் கீறாமலே சொல்லிவிடலாம். அந்த அளவை எட்ட அதற்குப் பல மழைக்காலங்கள் ஆகியிருக்கும். அத்தனை வருஷமும் முகத்துவாரம் வேண்டிய நேரத்தில் திறந்திருந்தது, ஒவ்வொரு வலையின் கண்ணையும் அது எப்படியோ தப்பியது என்பது அதன் உடம்பில் எழுதியிருக்கிற வரலாறு.

வங்காளிகளின் பேட்கி, தெலுங்குக்காரர்களின் பண்டுகப்பா, ஆஸ்திரேலியர்கள் கொண்டாடும் பாராமுண்டி, எல்லாம் இதே கொடுவாதான். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் இதைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தது. இன்று குளத்திலும் மிதவைக் கூண்டிலும் வளர்க்கிறார்கள். வளர்ப்பு மீன் கிலோ, ஒன்றரைக் கிலோ ஆனதுமே சந்தைக்கு வந்துவிடும். ஓட்டல் தட்டுக்கு அந்த அளவுதான் தோது. தோளில் தூக்கும் கொடுவா வேண்டுமென்றால் அதற்குக் காட்டு நீர்தான் கதி.

நண்டு விஷயமும் இதே மாதிரிதான், இன்னும் சுருக்கமாக. இங்கத்திய சேற்று நண்டு உயிரோடு விமானம் ஏறுகிற சரக்கு. சிங்கப்பூரில் சில்லி கிராப் தின்கிறவர்களுக்கு அளவுதான் முக்கியம். ஒரு கிலோவைத் தாண்டிய நண்டுக்கு விலை தனி. நண்டு நம்மைப் போலச் சீராக வளராது. ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, மெத்தென்று இருக்கும் உடம்பைத் தண்ணீரால் ஊதிப் பெரிதாக்கி, அதன்மேல் புது ஓடு கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டத்தில் பிடிபட்டால் ‘தண்ணி நண்டு’ என்று வியாபாரி ஒதுக்கிவிடுவார். பார்க்கப் பெரிசு, உள்ளே சதை இல்லை. அக்கா கயிறு கட்டும் கை வேகத்தைப் பார்க்க வேண்டும். கால் விரலால் ஓட்டை அமுக்கிக்கொண்டு, இரண்டு கொடுக்குகளையும் மடக்கி, மூன்று சுற்று, ஒரு முடிச்சு. பிடி நழுவினால் விரல் போய்விடும். அவருடைய இடது ஆள்காட்டி விரலில் பழைய தழும்பு ஒன்று இருந்தது.

ஜப்பான் கடலடியில் கால் விரித்தால் மூன்றரை மீட்டரைத் தாண்டும் சிலந்தி நண்டு உண்டு. நம் நிக்கோபார் தீவுகளில் நாலு கிலோ கனக்கும் தென்னை நண்டு மரம் ஏறுகிறது. இரண்டும் மெதுவாக, பல பத்தாண்டுகள் வாழ்ந்து பெருக்கிறவை.

அம்மணி வந்தால்

ஏரியிலிருந்து முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போனால் கணக்கே மாறிவிடுகிறது. இங்கே ஃபைபர் படகு ஒன்றின் நீளம் முப்பது அடிக்குப் பக்கம். அதைவிட நீளமான மீன் ஒன்று படகின் அடியில் நிழலாக நகர்ந்து போவதை நினைத்துப் பாருங்கள். உலகின் மிகப் பெரிய மீன் அது. புத்தகத்தில் திமிங்கலச் சுறா. தமிழ்க் கடற்கரையில் வழங்கும் பெயர் அம்மணி உழுவை. முதுகெல்லாம் கோலப் புள்ளி வைத்ததுபோல வெள்ளைப் பொட்டுகள். நாற்பது அடிவரை வளரும். அறுபது அடியை நெருங்கியவையும் அளக்கப்பட்டிருக்கின்றன. பெயரில் சுறா இருந்தாலும் அதன் வாயில் இருக்கிற மூவாயிரம் பற்களும் கடுகளவு. அது எதையும் கடிப்பதில்லை. ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்து, தண்ணீரை வடிகட்டி, மிதவை உயிர்களையும் மீன் முட்டைகளையும் குட்டி இறால்களையும் விழுங்குகிறது. பிலிப்பைன்ஸின் ஒஸ்லோப் கரையில் அதற்கு ஊட்டுவது நம்மூர்ச் சென்னாக்குன்னிக்கு உறவான பொடி இறாலைத்தான். திருப்பாலைவனத்துச் சந்தையில் படியால் அளந்து விற்கும் அதே வகைப் பொடி, அங்கே டன் கணக்கில் உடம்பாகிறது.

மீனவருக்கு இந்தப் பெரிய உயிர் பாக்கியமா? நகரத்திலிருந்து போகிற நாம் ஆமென்று சொல்லிவிடுவோம். அம்மணி வலையில் விழுந்தால் வலை போயிற்று. கடன் வாங்கித் தைத்த வலை, ஒரு நாள் ஐஸ், டீசல், ஆள் கூலி எல்லாம் போயிற்று. கரைக்குக் கொண்டுவரவும் முடியாது. 2001 மே மாதம் இந்தியாவில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற முதல் மீன் இதுதான். பிடித்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. ஆக, பெரியது கிடைத்தவருக்குக் கிடைப்பது கிழிந்த வலை மட்டும்தான்.

சட்டம் வந்ததற்குப் பின்னால் ஒரு குஜராத் கதை இருக்கிறது. வெராவல் கரையில் தொண்ணூறுகளில் இதை நூற்றுக்கணக்கில் கொக்கியால் குத்திப் பிடித்தார்கள். ஈரல் எண்ணெய் படகுக்குப் பூசவும், இறைச்சி வெளிநாட்டு ஏற்றுமதிக்கும். ஆவணப்பட இயக்குநர் மைக் பாண்டே அதைப் படம் பிடித்தார். 2000-ல் வந்த அவருடைய ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ பார்த்தவர்களை உலுக்கியது, தடை வந்தது. வெறும் தடையால் கடலில் எதுவும் நடக்காது என்பது கரையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். 2004-ல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை தொடங்கிய இயக்கத்துக்கு ராமகதை சொல்லும் மொராரி பாபு தூதரானார். அவர் சட்டத்தைப் பேசவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் இது, அவளை எப்படிக் கொல்வீர்கள் என்று கேட்டார். அந்த மீனுக்கு ‘வாலி’, அதாவது செல்லமானவள், என்று பெயர் வைத்தார்கள். வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்தது. ஆதாரத்துக்கு அவரே எடுத்த படம் போதும். அப்படி விடுவிக்கப்பட்டவை 900-க்கும் மேல்.

அங்கே ஒரு கதைசொல்லி வந்து மகள் என்று பெயரிட வேண்டியிருந்தது. நம் கரையில் எந்தக் காலத்திலோ யாரோ அம்மணி என்று அழைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெயரில் நாம் முந்திக்கொண்டோம். அறுத்த வலைக்குப் பணம் தருவதில் குஜராத் முந்திக்கொண்டது. எதுக்குப் பெருமைப்பட வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இன்னொரு விஷயம், இந்த ஊருக்கென்றே அமைந்தது. அம்மணியின் புள்ளிகள் மனிதர் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. படத்தை வைத்து ஆளை அடையாளம் காண ஒரு வழி தேடியவர்கள், ஹபிள் தொலைநோக்கியின் நட்சத்திரப் படங்களை ஒப்பிட உதவிய கணக்கு முறையைக் கடன் வாங்கினார்கள். இருண்ட வானத்தில் வெள்ளைப் புள்ளிகள், இருண்ட முதுகில் வெள்ளைப் புள்ளிகள், கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். பழவேற்காட்டுக் கரையில் நின்று வடக்கே பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் இங்கத்திய படகுகள் அந்தப் பக்கக் கடலுக்குப் போகக் கூடாது. கரையில் உட்கார்ந்து புகைக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன்களுக்கு, வானத்தைப் படிக்கிற அதே கணக்கு தங்கள் கடலில் நீந்தும் அம்மணியின் முதுகையும் படிக்கிறது என்று சொன்னேன். ஒருவன் நம்பவில்லை. இன்னொருவன், “அப்ப அதுக்கு ஆதார் கார்டு இருக்குன்ற” என்றான்.

தண்ணீர் தாங்குகிற உடம்பு

நிலத்தில் ஓர் அளவுக்கு மேல் போனால் எலும்பு தாங்காது. யானையோடு நின்றுவிடுகிறது இன்றைய நிலத்தின் கணக்கு. கடலில் எடையைத் தண்ணீர் சுமக்கிறது. அதனால்தான் முப்பது மீட்டர் நீளமும் நூற்றைம்பது டன்னுக்கு மேல் எடையும் கொண்ட நீலத் திமிங்கலம் சாத்தியமாயிற்று. நம் ஃபைபர் படகு மூன்றை வரிசையாகக் கட்டினால் அதன் நீளம். டைனோசர்களையும் சேர்த்து எண்ணினாலும், இதைவிடக் கனமான விலங்கு பூமியில் வாழ்ந்ததற்கு உறுதியான சான்று கிடையாது. அதுவும் தின்பது பொடி இறால் வகையைத்தான். ஒன்றை ஒன்று தின்னும் வரிசையில் கீழ்ப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குத்தான் இவ்வளவு தீனி கிடைக்கும்.

வழக்கமாக நீலத் திமிங்கலங்கள் துருவக் கடலுக்குப் போய்த் தின்று, வெதுவெதுப்பான கடலுக்கு வந்து குட்டி போடும். இலங்கையின் தெற்குக் கடலில் இருப்பவை அப்படிப் போவதில்லை, ஆண்டு முழுக்க இந்த வட்டாரத்திலேயே சுற்றுகின்றன. ஆஷா டி வோஸ் என்ற இலங்கை ஆய்வாளர் அவற்றுக்கு ‘வழக்கம் மீறிய திமிங்கலங்கள்’ என்று பெயர் சூட்டினார். அவை மேயும் இடத்துக்கு மேலேயே தேவேந்திர முனையைச் சுற்றிப் போகும் சர்வதேசக் கப்பல் பாதை. கப்பல் மோதிச் செத்த திமிங்கலங்களை அங்கே பார்த்திருக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய உயிரின் மேல் மோதிய மாலுமிக்கு அது தெரியாமலே போவதும் உண்டு. நம்மைவிடப் பெரியதை நாம் கட்டிவிட்டோம்.

தண்ணீர் இல்லாவிட்டால் அந்த உடம்புக்கு அதுவே பகை. 1973 ஜனவரி 14 அன்று மணப்பாடு கரையில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே வட்டாரத்தில் மணப்பாட்டுக்கும் கல்லாமொழிக்கும் நடுவே மறுபடியும் எண்பதுக்கு மேல். மீனவர்கள் கயிறு கட்டிப் படகில் இழுத்துக் கடலுக்குள் விட்டார்கள். விட்டவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத சாதி அது. மணலில் கிடக்கும் திமிங்கலத்தின் நுரையீரலை அதன் சொந்த எடையே நசுக்கும்.

என் தலைமுறைக்குத் திமிங்கலம் என்றால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் எலும்புக்கூடுதான். அறுபது அடி நீளத்துக்குத் தலைக்கு மேலே தொங்கும். அந்தக் காலத்தில் அருங்காட்சியகத்துக்குச் சென்னைவாசிகள் வைத்த பெயர் செத்த காலேஜ், மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ். காணும் பொங்கலன்று பொன்னேரிப் பக்கமிருந்தெல்லாம் கட்டுச்சோற்றோடு வந்து, இரண்டு காலேஜையும் ஒரே நாளில் படித்துவிட்டுப் போவார்கள். ஆறு வயதில் அந்த விலா எலும்புகளுக்குக் கீழே நின்று நான் அழுதேன் என்று அம்மா சொல்வார். பயத்தால் என்றுதான் அவர் நினைத்தார். இப்போது யோசித்தால், அவ்வளவு பெரியது ஏன் செத்துப்போயிற்று என்று எனக்குப் புரியாததால்தான் அழுதிருப்பேன் என்று தோன்றுகிறது.

வேளா போன வழி

பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு பெயர் வராமல் போகாது. வேளா. முகத்துக்கு முன்னால் இருபுறமும் பல் வைத்த ரம்பம்போல நீண்ட கொம்பு கொண்ட பெரிய மீன். இருபது அடிக்கு மேல் வளரக்கூடியது. முகத்துவாரம், கழிமுகம், கலங்கலான ஆழமில்லாத நீர் இவைதான் அதற்குப் பிடித்த இடம். பழவேற்காடு மாதிரி ஓரிடத்தை அதற்காகவே செய்ததுபோல இருக்கும். ரம்பக் கொம்புதான் அதற்கு எமன். எந்த வலையாக இருந்தாலும் கொம்பின் பல் முதலில் சிக்கும், பிறகு மீள வழியில்லை. 2001-ல் அதற்கும் சட்டப் பாதுகாப்பு வந்தது. உலகெங்கும் அழிவின் விளிம்பில் இருக்கும் மீன்களில் அது முன்வரிசையில் நிற்கிறது. எத்தனை பாகம் இருக்கும் என்று கேட்டால் கையை விரித்து, விரித்த கையை இன்னும் கொஞ்சம் தள்ளிக் காட்டுவார்கள். அருகில் நிற்கும் பேரன் அந்தக் கைகளைத்தான் பார்க்கிறான். மீனைப் பார்த்ததில்லை.

பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் ஒரு காட்சி வைத்திருக்கிறார். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல், சினைச் சுறாவின் கொம்பை நட்டு, கடல் தெய்வத்தை வழிபட்டுக் களிக்கிறார்கள். கொம்பு உள்ள சுறா என்றால் அது வேளாவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் வாசிப்பு. அவர்கள் பெரியதைக் கொன்றார்கள்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. கொன்ற பிறகு ஒரு நாள் வலையை மடித்துவைத்து உட்கார்ந்தார்கள் என்பதுதான் எனக்கு நிற்கிறது. அந்த நாளும் பௌர்ணமி, கொடுவா முட்டையிடத் தோதான பெரிய பெருக்கு நாள்.

பெரியவை போய்விட்டன என்பதைச் சொல்லக்கூட ஆள் குறைந்துகொண்டே வரும். அமெரிக்காவின் கீ வெஸ்ட் துறையில் தூண்டிலில் மீன் பிடித்துத் திரும்பிய பயணிகள், பிடித்ததைப் பலகையில் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். லோரன் மெக்ளெனகன் என்ற ஆய்வாளர் 1950-களிலிருந்து அரை நூற்றாண்டுப் படங்களை எடுத்து அளந்து 2009-ல் வெளியிட்டார். ஆரம்பத்தில் ஒரு மீனின் சராசரி எடை 20 கிலோவை ஒட்டி இருந்தது, கடைசியில் இரண்டரைக் கிலோகூட இல்லை. படங்களில் ஆட்களின் சிரிப்பில் மட்டும் வித்தியாசம் இல்லை. அவரவர் காலத்து மீன் அவரவருக்குப் பெரிசு.

பழவேற்காட்டில் இதைத் தடுக்க ஓர் ஏற்பாடு எப்போதோ இருந்தது, இன்றும் ஓரளவு இருக்கிறது. பாடு என்பார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைக்கட்டு உள்ளவர்கள் சீட்டுப் போட்டு, எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது, கெட்ட இடமும் அப்படியே. பாட்டுக்குள் வராத மற்ற சமூகத்தாருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு, அது நியாயமும்கூட. இருந்தாலும் எல்லோரும் ஒரே நாளில் ஒரே வாயை அடைக்கக் கூடாது என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது.

வாய் அடைபடுவது இப்போது வலையால் மட்டும் இல்லை. கரையை ஒட்டித் துறைமுகங்கள் வந்த பிறகு மணல் நகரும் போக்கே மாறிவிட்டது என்பது இங்கத்திய மீனவர்களின் பழைய முறையீடு. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை அவர்கள் எதிர்த்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். முகத்துவாரம் தூர்ந்தபோதெல்லாம் தாங்களே பணம் போட்டு, மண்வெட்டியும் இயந்திரமும் வைத்து வாயைத் திறந்துகொண்டார்கள். பிறகுதான் அரசு சுமார் 27 கோடி ரூபாயில் இரு பக்கமும் கல்சுவர் போட்டு நிலையான வாய் அமைக்கும் வேலையை எடுத்தது.

வாய் திறந்திருந்தால் மட்டும் போதாது, பிடித்தவர் விடவும் வேண்டும். 2022 ஜூனில் கம்போடியாவின் மீகாங் ஆற்றில் ஒரு மீனவர் தூண்டிலில் ஒரு திருக்கை மாட்டியது. நீளம் நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, எடை 300 கிலோ. பதிவான நன்னீர் மீன்களில் அதுவே பெரியது. ஆய்வாளர்கள் அவருக்குச் சந்தை விலையைக் கொடுத்து, மீனுக்கு அடையாளக் கருவி பொருத்தி, ஆற்றிலேயே விட்டார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு போராமி என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் முழுநிலா என்று அர்த்தம். சந்தை விலை என்பதை அடிக்கோடிட்டுப் படித்தேன். அவர் வீட்டு அடுப்பு அன்றைக்கும் எரிந்திருக்கும்.

மாலையில் முகத்துவாரத்துப் பக்கம் ஒரு படகில் போனேன். பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. ஓட்டியவர் என்ஜினை நிறுத்திவிட்டுத் துடுப்பைக் குத்திப் பார்த்தார். ஓரிடத்தில் அரைத் துடுப்பு நனைந்தது. பத்தடி தள்ளி, முழுத் துடுப்பும் போய் அவர் மணிக்கட்டும் நனைந்தது. “இந்தப் பக்கம்தான் ஓடுது” என்றார். பெருக்கு ஏறத் தொடங்கியிருந்தது. கடல் பக்கமிருந்து நுரைக்கோடு ஒன்று மெதுவாக உள்ளே வந்தது. அதன் ஓரத்தில் ஏதோ சலசலவென்று தண்ணீரைக் கொத்தியது. மடவைக் குஞ்சுகள் என்றார் அவர், பின்னாலேயே துரத்திக்கொண்டு எதுவோ வருகிறதாம்.

“பெருசாண்ணே?”

அவர் கைகளை விரித்தார். பாதியில் நிறுத்தி, மறுபடி துடுப்பைப் பிடித்துக்கொண்டார்.